போகலாம் என்றது ஏரி

மரியதாஸ் கடைசியாகக் கேட்ட மனிதக் குரல் ஜெசிந்தாவினுடையது. "போகலாம்" என்று அது சொன்னது. அவர் போனார். ஏரியின் ஐஸ் அவருக்குக் கீழே ஒரு தட்டுப்போலக் கவிழ்ந்து, பிறகு ஒன்றுமே நடக்காததுபோல மூடிக்கொண்டது.

செத்தவீட்டில் மரியதாஸின் மனைவி றோசலின் இதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் ஜெசிந்தா தாங்கியிருப்பாள். றோசலின் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, நன்றி சொல்கிறவள் மாதிரிச் சொன்னாள்.

"அந்த மனிசன் ஆரின்ர சொல்லும் கேக்காது, ஜெசி. டொக்டர் சொல்லுறதைக் கேக்காது, நான் சொல்லுறதைக் கேக்காது. ஐஸில மட்டும் உம்மட சொல்லுக்கு அப்பிடியே நிக்கும். நீர் போகச் சொன்னாத்தான் போகும்."

"நான் சொல்லேல்லை, மெசின்தான் சொன்னது" என்று ஜெசிந்தா வாயெடுத்தாள். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அப்படி ஒரு வசனத்தைச் சொல்ல முடியவில்லை. "என்ன சொல்லுறது றோசலின்" என்று மட்டும் சொன்னாள். பின்னால் வரிசையில் நின்ற ஒரு சின்னப் பெண்பிள்ளை உடனே தாயின் கையை இழுத்தது. "அம்மா, இவதான் போன் அன்ரி!" தாய் பிள்ளையின் வாயைப் பொத்தினாள். மண்டபத்தில் எல்லோரும் சப்பாத்துகளைப் பார்த்தார்கள்.

அந்த ஏரி ஒரு காலத்தில் மார்கழியில் நத்தாருக்கு முன்பே சீமெந்து போட்ட மாதிரி இறுகிவிடும் என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். லொறி ஓடுமாம். இப்போது குளிர்காலம் அரைமனதோடு வந்து போகிற விருந்தாளியாகிவிட்டது. உறையும், ஒரு கிழமை முழுக்க மழை பெய்யும், மறுபடி உறையும். ஓரிடத்தில் முழங்கை ஆழத்துக்குத் தெளிந்த நீல ஐஸ். நாலு எட்டுத் தள்ளி, பனி ஊறி வெள்ளையாகிப்போன, பிஸ்கட் மாதிரியான ஐஸ். ஆற்றுவாய்ப் பக்கமென்றால் அடியில் நீரோட்டம் அரித்துக்கொண்டே இருக்கும். மேலே நின்று பார்க்கிற கண்ணுக்கு எல்லாம் ஒரே வெள்ளை. துளை போட்டு மீன்பிடிக்கப் போகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் செத்தார்கள்.

அதனால்தான் ஒரு கொம்பனி வந்தது. ஏரியின் அடியில் நூற்றுக்கணக்கான செவிகளை இறக்கியது. ஐஸ் முனகுவதையும், வெடிப்பு ஓடுவதையும், ஒவ்வொரு மனிதனின் நடை அதன்மேல் விழுவதையும் அவை கேட்டன. கேட்டதையெல்லாம் ஒரு மெசின் கூட்டிப் பார்த்து, கரையில் நிற்கிறவனின் போனில் மூன்றே வார்த்தைகளில் ஒன்றைச் சொல்லும். போகலாம். பொறுங்கோ. திரும்புங்கோ. எந்தப் பாசையில் வேண்டுமோ அந்தப் பாசையில் சொல்லும். சனிக்கிழமைகளில் ரொறன்ரோவிலிருந்து வான் வானாக எங்கள் ஆட்கள் வந்து இறங்கியபடியால் தமிழும் வைத்தார்கள்.

கொம்பனியின் உதவித் தொலைபேசியில் தமிழ்க்காரருக்குப் பதில் சொல்கிற வேலை ஜெசிந்தாவுக்கு. ஒருநாள் அவளைப் பஞ்சு ஒட்டிய அறைக்குள் கூட்டிப்போய் அந்த மூன்று வார்த்தைகளையும் சொல்லச் சொன்னார்கள். அன்பாகச் சொல்லுங்கள் என்றார்கள். புருசனைச் சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி சொன்னாள். அவ்வளவுதான் அவள் செய்தது.

செத்தவீடு முடிந்த கிழமையும் அவள் புருசன் எமிலியான் என்கிற எமில் ஐஸுக்குப் புறப்பட்டான். குருநகரில் கடலுக்குப் போன குடும்பம். இங்கே பாண் பேக்கரியில் மா மூட்டை தூக்குகிறான். சனிக்கிழமை காலையில் அந்தத் துளைக்குப் பக்கத்தில் வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தால்தான் தனக்கு மூச்சு வருகிறது என்பான். ஜெசிந்தா அன்று தானும் வருகிறேன் என்றாள்.

"என்னத்துக்கு? வீட்டிலயும் உன்ர குரல், ஐஸிலயும் உன்ர குரல். இப்ப ஆளும் வாறதோ? எனக்கு எங்கயடி விடுதலை?"

"மரியதாஸண்ணைக்கு என்ன நடந்ததெண்டு பாக்கவேணும்."

"அது அவரின்ர நேரம். அவ்வளவுதான்."

கரையில் அருள்நேசன் முதலே வந்து நின்றான். எமிலோடு பேக்கரியில் வேலை செய்கிறவன். மனைவியும் பிள்ளைகளும் ஊரில். அவனுடைய அகதி வழக்கு இன்னும் முடிவாகவில்லை. ஆறு நாளும் ஒரு நிலவறையில் படுத்தெழும்புகிற அவனுக்கு இந்த ஒரு நாள்தான் மனிதரோடு சிரிக்கிற நாள். தோளில் காஸ் அடுப்பு, கையில் சோற்றுப்பானை. ஐஸின்மேல் கூடாரம் அடித்து, பிடித்த மீனை அங்கேயே சொதி வைத்துச் சாப்பிடாவிட்டால் எங்கள் ஆட்களுக்கு அது மீன்பிடியே இல்லை.

பக்கத்தில் வோல்டர் என்ற உள்ளூர்க் கிழவர், தும்புத்தடி போல மெலிந்த மனிதர், தன் போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். அது ஆங்கிலத்தில் "பொறு" என்றது. அதே கணத்தில் எமிலின் சட்டைப்பைக்குள்ளிருந்து ஜெசிந்தாவின் குரல் வந்தது.

"போகலாம்."

தன் குரலே தனக்கு எதிரில் வந்து நிற்கக் கண்டதுபோல ஜெசிந்தா திடுக்கிட்டாள். "இஞ்சருங்கோ, அவருக்குப் பொறு எண்டு சொல்லுது."

"சொல்லட்டன். அவருக்கு எப்பவும் பிந்தித்தான் சொல்லும்."

"ஒரே இடம்தானே? அந்தாள் உங்களில அரைவாசியும் இல்லை. உங்களுக்கு என்னெண்டு முதல் சொல்லும்?"

அருள்நேசன் சிரித்தான். "ஏரி மாதா எங்கட பக்கம், அக்கா. எங்கட ஆக்களுக்குத்தான் முதல் திறக்கிறா. வெள்ளையள் எங்களுக்குப் பின்னால வரப் பாக்கிறாங்கள், நீங்கள் காணேல்லையோ?"

உண்மைதான். ஏழெட்டுப் பேர் அவர்கள் போகிற பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எமில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இறங்கினான். நாட்டில் எத்தனையோ வரிசைகளில் கடைசியில் நின்ற மனிதர்களுக்கு, முதலில் போகிற ஒரு இடம் கிடைத்திருந்தது. அதைக் குறை சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

வோல்டர் சற்றுநேரம் மூக்கைச் சொறிந்துகொண்டு நின்றார். பிறகு போனைப் பைக்குள் போட்டுவிட்டு, அது "பொறு, பொறு" என்று கத்தக் கத்த, கையிலிருந்த இரும்புக்கோலால் ஐஸைக் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டு தன்பாட்டில் நடந்தார். எங்கள் ஆட்கள் அதை ஒருநாளும் செய்யமாட்டார்கள். "பொறுங்கோ" என்ற பிறகு கால் வைத்தால் உங்கள் பெயருக்கு ஒரு எச்சரிக்கை பதிவாகும். அது எங்கே போய்ச் சேருமோ, வழக்கில் விழுமோ, குடியுரிமையில் விழுமோ என்று ஒருவருக்கும் தெரியாது. அதைவிட, ஊரில் சோதனைச்சாவடியில் நில் என்ற சொல்லுக்கு நிற்காதவர்களுக்கு என்ன நடந்தது என்று பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள்.

திங்கட்கிழமை மதியம் ஜெசிந்தா வெற்றிச்செல்வனைச் சாப்பாட்டறையில் பிடித்தாள். ஈரோட்டுப் பெடியன். மெசினோடு வேலை செய்கிற எஞ்சினியர். தயிர்ச்சாதத்தை மைக்ரோவேவில் சூடாக்கலாமா விடலாமா என்று யோசித்துக்கொண்டு நின்றான்.

"தம்பி, வோல்டருக்குப் பொறு எண்டுது, எங்கட ஆளுக்குப் போகலாம் எண்டுது. ஒரே ஐஸுக்கு ரெண்டு பேருக்கு ரெண்டு கதை சொல்லுமோ உங்கட மெசின்?"

அவன் கேள்வியைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. கதிரையை இழுத்து உட்கார்ந்தான்.

"சொல்லும்க்கா. ஐஸ் மட்டும் இல்ல, ஆளையும் பாக்கும். நீங்க சொன்னீங்களே அந்த வோல்டர். அவருக்குப் 'பொறு'ன்னா போவார். 'திரும்பு'ன்னா பொறுப்பார். அஞ்சு வருசமா அப்படித்தான். அப்போ அவரைப் பொறுக்க வைக்கணும்னா அது என்ன சொல்லணும்?"

"திரும்பு எண்டு."

"அதான். அவங்களுக்கெல்லாம் பயமுறுத்தித்தான் சொல்லும். ஐஸ் நல்லா கெட்டியானப்புறம்தான் 'போ'ன்னு வரும்."

"எங்களுக்கு?"

அவன் கரண்டியால் சாதத்தில் ஒரு கோடு போட்டான். "உங்க ஆளுங்க மாதிரி யாருமே இல்லக்கா. இங்க கோடுன்னா இங்கயே நிப்பாங்க. ஒருத்தர்கூடத் தாண்டினது இல்ல. தாண்டாத ஆளுக்கு எதுக்குக் கோட்டைத் தள்ளிப் போடணும்? சும்மா கரையில நிக்க வச்சா ஆளுங்க வீட்டுக்குப் போயிடறாங்க. அதுவும் மெசினுக்கு ஒரு தப்புக் கணக்குதான். அதனால உங்களுக்குக் கோட்டை ஓரத்துலயே போடுது."

"ஓரம் எண்டா?"

"ஓரம்தான். உடையறதுக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம்."

"மரியதாஸண்ணை?"

அவன் அவளைப் பார்க்காமல் சொன்னான். "அவர் எடை, நடை எல்லாம் அதுக்குத் தெரியும். அன்னைக்கு அவர் கையில காஸ் சிலிண்டரும் சோத்துப்பானையும் இருந்துச்சு, அந்தப் பாரம் அதோட கணக்குல இல்ல. வேற யாரும் சோறு ஆக்கற சாமானோட ஐஸ்மேல போறதில்லையே. மத்தவங்களா இருந்தா கோட்டுக்கும் உடையற இடத்துக்கும் நடுவுல இருக்கற இடைவெளி தாங்கியிருக்கும். உங்களுக்கு இடைவெளியே இல்ல."

"எங்கட ஆக்கள் எண்டு தெரிஞ்சுதானே செய்யுது?"

"இல்லக்கா, சத்தியமா. யாரும் தமிழ்ன்னு எழுதிக் குடுக்கல. தமிழ் வச்ச போனெல்லாம் ஒரே மாதிரி நடக்குது, அதனால ஒரு கூட்டமா எடுத்துக்கிச்சு. அதுவா கத்துக்கிச்சு. நான் மேல சொல்லிப் பாத்தேன். ஏரில மொத்தச் சாவு பாதியாக் குறைஞ்சிருக்கு, தொடாதேன்னு ஒரே வரில பதில்."

"அப்ப சொல்லுக்கேக்கிறதுதான் நாங்கள் செய்த பிழை."

அவன் தயிர்ச்சாதத்தை மூடி வைத்தான்.

"நான் எல்லாருக்கும் சொல்லிவிடுறன். போகலாம் எண்டாலும் போகவேண்டாம் எண்டு."

"ஐயோ, அது இன்னும் மோசம்க்கா. 'போகலாம்'ன்னப்புறமும் நிக்கறாங்க, பயந்தாங்கொள்ளிங்கன்னு நினைச்சுக்கும். இன்னும் சீக்கிரமாச் சொல்லி இழுக்கும். நீங்க சொல்றது பத்து வீட்டுக்குப் போகும். ரொறன்ரோலேர்ந்து வர்ற வானுக்கெல்லாம் யார் சொல்லுவா?"

"அப்ப என்னதான் செய்யிறது?"

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். "நான் சொல்லல, சரியா? 'திரும்புங்கோ'ன்னப்புறமும் நடக்கணும். ஒரு ஆள் நடந்தா பைத்தியக்காரன்னு விட்டுரும். ஒரே நாள்ல பத்துப் பன்னண்டு தமிழ்ப் போன் நடந்தா, இவங்களும் மத்தவங்க மாதிரிதான்னு கத்துக்கும். கோடு தள்ளிப் போயிடும்."

"போனை மீன்பெட்டிக்குள்ள போட்டுக் கயித்தில இழுத்தா?"

"நடை வேணும்க்கா. கால் விழற அதிர்ச்சி போன்லயும் வரணும், ஐஸ்லயும் வரணும். அது போனைத்தான் எண்ணும், ஒரே ஆள் சுமந்தாலும் சரி. நாய் கழுத்துல கட்டி விட்டா நாய்ன்னு கண்டுபிடிச்சுரும். பாத்திருக்கோம்." அவன் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "உங்களுக்குத் 'திரும்புங்கோ'ன்னா அது நெசமாவே உடையற ஐஸ். அதையும் ஞாபகம் வச்சுக்கோங்க."

பின்னேரம் சாப்பாட்டு மேசையில் இதைச் சொன்னபோது எமில் முதலில் நம்பவில்லை. பிறகு நம்பினான். பிறகு நெடுநேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"மாதா திறந்துவிடுறா எண்டு நினைச்சம்" என்றான் கடைசியில். "அப்ப நாங்கள்தான் முன்னுக்குப் போய் உடையுதோ எண்டு பாத்துக் குடுத்திருக்கிறம். சரி, நான் நடக்கிறன்."

"நீங்கள் மா மூட்டையோட மூட்டையா இருக்கிறியள். நான் நடக்கிறன்."

"விசரோ உனக்கு?"

"நான் பாரமில்லை. கயிறு கட்டுங்கோ, பிடியுங்கோ. கரைவலை இழுத்த கைதானே?"

"ஜெசி, அந்தச் சாவுக்கு நீ காரணமில்லை."

"காரணமெண்டு நான் சொல்லேல்லை. ஆனா அடுத்தவர் போகேக்கையும் என்ர குரல்தானே போகச் சொல்லும். அதை நான் கேட்டுக்கொண்டு இருக்கேலாது."

அவன் எழுந்துபோய்க் கையைக் கழுவினான். குழாயை நிறுத்தாமல் அங்கேயே நின்றான். அந்தத் தண்ணீர்ச் சத்தத்துக்குள்தான் அவன் சம்மதித்தது.

சனிக்கிழமை காலை ஆற்றுவாய்க்குப் பக்கத்தில் ஒதுக்குப்புறமான கரையில் கூடினார்கள். அருள்நேசன் தெரிந்தவர்களிடம் பன்னிரண்டு போன்கள் வாங்கிக்கொண்டு வந்திருந்தான். ஒருவர் தரும்போது, "தண்ணிக்குள்ள போனா ஆர் பொறுப்பு?" என்று கேட்டாராம். "அக்காவும் கூடத்தான் போவா, அவவிட்டயே கேளுங்கோ" என்றானாம் இவன். ஜெசிந்தா தன் பெரிய குளிர்ச்சட்டையின் பைகளிலும் உள்பைகளிலும் காற்சட்டையிலும் எல்லாவற்றையும் திணித்துக்கொண்டாள். எமில் அவள் இடுப்பில் கயிற்றைக் கட்டினான். மீனவன் கட்டுகிற முடிச்சு. இரண்டு தரம் இழுத்துப் பார்த்தான், மூன்றாவது தரமும் இழுத்துப் பார்த்தான். விழுந்தால் ஐஸைக் குத்திப் பிடித்து ஏறுவதற்கான இரண்டு ஆணிக்கட்டைகளைக் கழுத்தில் மாட்டிவிட்டான்.

அவள் இறங்கினாள்.

முதலில் ஐஸ் நல்ல பிள்ளையாக இருந்தது. நீலம், இறுக்கம். போன்கள் மௌனம். பிறகு காலடியில் நிறம் மாறியது. சாம்பல். ஒரு போன், வலது பைக்குள்ளிருந்து, "பொறுங்கோ" என்றது. அவள் பொறுக்கவில்லை. இன்னொன்று. அதற்குமேல் இன்னொன்று. ஒன்றின் வால் இன்னொன்றின் தலையில் ஏறி, நெஞ்சிலிருந்தும் இடுப்பிலிருந்தும் அவளுடைய குரலே அவளைக் கூப்பிட்டது. பொறுங்கோ. பொறுங்கோ. சாப்பிட வரச்சொல்கிற அதே அன்பான குரல்.

இதைத்தான் மரியதாஸ் கேட்டார் என்று நினைத்தாள். எவ்வளவு நம்பத்தகுந்த குரல் இது. ஐஸைப் பற்றி எள்ளளவும் தெரியாதவளின் குரல்.

இன்னும் நடந்தாள். "திரும்புங்கோ" என்றது முதல் போன். பிறகு எல்லாம் சேர்ந்துகொண்டன. திரும்புங்கோ, திரும்புங்கோ, திரும்புங்கோ. கோயிலில் மன்றாட்டுக்குச் சனம் சேர்ந்து பதில் சொல்கிறமாதிரி. காலுக்குக் கீழே ஐஸ் மெத்தைபோல அமுங்கியது. தைத்த துணி கிழிகிற ஒரு சத்தம் அவளுக்குப் பின்னால் ஓடியது. சப்பாத்தைச் சுற்றித் தண்ணீர் மெதுவாக ஊறி வந்தது.

கயிறு இறுகியது. "காணும்! போதுமடி!" என்று எமில் கத்துவது கேட்டது.

இன்னும் ஓர் எட்டு. இன்னும் ஒன்று. அதற்குமேல் கால் மறுத்துவிட்டது. அவள் ஐஸில் குப்புறப் படுத்தாள். கரையில் இரண்டு ஆண்களும் இழுத்தார்கள், வலை இழுக்கிற அதே தாளத்தில், பின்னுக்குச் சாய்ந்து சாய்ந்து. சட்டை முழுக்கப் போன்கள் ஓயாமல் திரும்பச் சொல்ல, அவள் வயிற்றால் வழுக்கிக்கொண்டு கரைக்கு வந்தாள்.

"பெரிய மீன், அண்ணை" என்றான் அருள்நேசன். சிரித்தபடி சொன்னவன் அப்படியே பனியில் குந்தி அழத் தொடங்கிவிட்டான். எமில் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தான். மூன்று தரம் இழுத்துப் பார்த்த முடிச்சு அவிழவில்லை. கத்தியால் வெட்டினான்.

புதன்கிழமை வெற்றிச்செல்வன் அவளுடைய மேசையைத் தாண்டிப் போகும்போது குனிந்து ஒரே சொல் சொன்னான். "கத்துக்கிச்சு."

கற்றுக்கொண்டது. அடுத்த சனிக்கிழமை தமிழ்ப் போன்கள் மதியம்வரை "பொறுங்கோ" என்றே சொல்லிக்கொண்டிருந்தன. வோல்டருக்குப் "போ" என்று வந்தபோதுதான் எங்கள் ஆட்களுக்கும் "போகலாம்" வந்தது. றோசலின் தொலைபேசியில் கூப்பிட்டு, "நல்ல காரியம் செய்தீர்" என்று சொல்லி அழுதாள். ஜெசிந்தா அன்றிரவு நன்றாகத் தூங்கினாள்.

பன்னிரண்டு பேருடைய பெயரிலும் எச்சரிக்கை பதிவானது. போனுக்கு ஒரு செய்தி வந்தது. அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. ஒருவரும் வீட்டுக்கு வரவில்லை, ஒருவருடைய வழக்கிலும் அது விழவில்லை. இத்தனை வருடம் பயந்தது இதற்குத்தானா என்று கடைகளில் கதைத்துச் சிரித்தார்கள். ஜெசிந்தா "திரும்புங்கோ"வில் நடந்துபோய்த் திரும்பி வந்த கதை வான்களில் ஏறி ரொறன்ரோ போனது. போகப் போகக் கயிறு கதையிலிருந்து கழன்று விழுந்தது. தண்ணீர் ஊறியதும் கழன்றது. கடைசியில், ஒரு பெண் சும்மா நடந்துபோய் வந்தாள், மெசின் பொய் சொல்லுது என்பது மட்டும் மிஞ்சியது.

மாசி மாதத்தில் ஒரு வெயில் சனிக்கிழமை. இரண்டு நாள் இளக்கத்துக்குப் பிறகு மேற்பரப்பு மட்டும் இறுகிப் பளபளத்தது. கரை முழுக்க எங்கள் ஆட்கள். போன்கள் "பொறுங்கோ" என்றன. ஒருவன் தன் போனைப் பார்த்து, "நீ வாயைப் பொத்து" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். ஜெசிந்தாவும் அங்கேதான் நின்றாள் என்பதை அவன் கவனிக்கவில்லை.

எமில் துளைபோடுகிற மெசினைத் தூக்கினான்.

"இஞ்சருங்கோ, என்ன செய்யிறியள்?"

"நீ நடந்த ஐஸைவிட இது தடிப்பு."

"ஆர் சொன்னது?"

"பாத்தாத் தெரியுது."

"பாத்துத் தெரியாது எண்டுதானே இந்தச் சனியன் மெசினே வந்தது!"

"அது இப்ப எங்களுக்குக் கூட்டித்தான் சொல்லுது, ஜெசி. நீதானே அப்பிடிச் செய்துவிட்டனி. பொறுங்கோ எண்டா இப்ப போகலாம் எண்டுதான் கருத்து."

சொல்லிக்கொண்டே இறங்கிவிட்டான். கொஞ்சத் தூரம் போனதும் அவனுடைய பையிலிருந்து "திரும்புங்கோ" என்று வந்தது.

ஜெசிந்தா கத்தினாள். "இஞ்சருங்கோ! திரும்புங்கோ!"

அவன் திரும்பிப் பார்க்காமலே கையை உயர்த்தி ஆட்டினான். "சொல்லிப்போட்டாய், சொல்லிப்போட்டாய்! போனிலயும் சொல்லிப்போட்டாய்!"

கரையில் மறுபடி சிரிப்பு. அவள் இன்னொருதரம் கத்தவில்லை. அந்த வார்த்தையில் அவளுக்கென்று எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. ஐஸில் இறங்கி அவனுக்குப் பின்னால் நடந்தாள். கயிறில்லாமல்.

அவன் கேட்டது அவளுடைய குரலை அல்ல. இருவருக்கும் நடுவில் ஒரு வெடிப்பு விர்ரென்று ஓடியது, அதைத்தான். திரும்பினான். அவள் வந்துகொண்டிருப்பதைக் கண்டு அவன் முகம் வெளிறியது.

"ஜெசி, நில்! ரெண்டு பேரைத் தாங்காது!"

"தெரியும்."

"நில்லடி! நான் சொல்லுறதைக் கேள்!"

"நான் வாறன். நீங்கள் அங்கயே நில்லுங்கோ."

அவள் நடையை நிறுத்தவில்லை. அவளுடைய பைக்குள் அவளுடைய குரல் அவளைத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தது. எமில் துளைபோடும் மெசினை அப்படியே ஐஸில் வைத்துவிட்டு, வெடிப்பிலிருந்து தள்ளி அரைவட்டமாக, கால் தூக்காமல் தேய்த்துத் தேய்த்துக் கரைக்கு வந்தான். அவன் மண்ணில் கால் வைத்ததைக் கண்ட பிறகுதான் அவள் திரும்பினாள்.

கரையில் அவன் அவளைத் திட்டினான். ஊர்ச் சந்தையில்கூடக் கேட்டிராத வார்த்தைகளால் திட்டினான். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"அடுத்த கிழமையும் இதே விளையாட்டோ?" என்றான் மூச்சு வாங்க.

"நீங்கள் போனா நான் வருவன்."

அவன் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதில் உட்கார்ந்துவிட்டான். இனிப் போகமாட்டான் என்று அவளுக்குத் தெரிந்தது. கரையில் நின்ற சில பெண்கள் தங்கள் புருசன்மாரைத் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு பேர் தூண்டிலைச் சுருட்டத் தொடங்கினார்கள்.

அருள்நேசன் சோற்றுப்பானையைக் கீழே வைத்தான். தூண்டிலை எடுத்தான்.

"அண்ணையின்ர துளைபோடுற மெசின் அங்க தனிச்சுக் கிடக்கு. எடுத்துக்கொண்டு, அப்பிடியே ரெண்டு மீனும் பாத்துக்கொண்டு வாறன்."

"நேசன், போகாதை."

"ஒண்டும் நடக்காது, அக்கா. நான் கட்டை ஆள்."

"நான் இப்ப என்ன செய்தனான் எண்டு பாத்தனிதானே?"

அவன் சிரித்தான். அதில் குத்தல் எதுவும் இல்லை, உள்ளதைச் சொல்கிற சிரிப்பு. "பாத்தனான் அக்கா. அண்ணை குடுத்துவைச்ச ஆள். எனக்குப் பின்னால வர இஞ்ச ஆர் இருக்கினம்?"

இறங்கிப் போனான். முதுகு சிறிதாகிக்கொண்டே போனது. அவனுடைய பைக்குள்ளிருந்து ஜெசிந்தாவின் குரல் அவனைப் பொறுக்கச் சொன்னது. பிறகு திரும்பச் சொன்னது. அவன் தலையை ஒருபக்கம் சாய்த்து, அந்தக் குரல் துணைக்கு வருகிறமாதிரிக் கேட்டுக்கொண்டே நடந்தான்.

ஜெசிந்தா எமிலைப் பார்த்தாள். எமில் வாளியிலிருந்து எழுந்தான்.

அவள் மறுபடியும் ஐஸில் கால் வைத்தாள்.